ஏழு நொடியும் இருபத்தொரு நிமிடமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைத்தொகுப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த கோல்டி என்னும் மின்னிசைக் கலைஞர் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டைம்லெஸ்' என்பது அதன் பெயர். 'காலம் கடந்தது' என்று தமிழில் சொல்லலாம். அதுவே அவருடைய முதல் ஆல்பம். அரங்கில் அமைதியாக அமர்ந்து கேட்பதற்கென்று பிறந்த இசையன்று அது. நள்ளிரவு கடந்த பின்னர், இருண்ட கூடங்களில், வியர்வை சிந்த ஆடும் இளைஞர்களுக்காக லண்டன் நகரக் கிளப்புகளில் பிறந்த இசை.

இலக்கிய வட்டத்தின் மேடைக்கு இது எவ்வாறு உரியதாகும் என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். இயல், இசை, கூத்து என்னும் மூன்றையும் ஒரே மொழியின் முப்பிரிவாகக் கொண்டவர்கள் நாம். இசையும் கூத்தும் கலந்த ஒன்று நமக்கு அயலாகாது என்பது ஒரு விடை. அதனினும் முதன்மையான விடை ஒன்று உண்டு. ஒரு படைப்பை இன்னாருடையது என்று எதனால் சொல்கிறோம்? பலர் கையும் பலர் குரலும் கலந்து உருவான ஒன்றுக்கு ஒருவர் பெயரை மட்டும் இடுவது எந்த அளவுக்கு முறையாகும்? இவை இலக்கியத்தின் அடிப்படைக் கேள்விகள். இந்த இசைத்தொகுப்பு அக்கேள்விகளை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. அதன் சிறப்பையும் அது பட்டிருக்கும் கடனையும் ஒருசேர எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் மனிதரைப் பற்றிச் சில சொற்கள். கோல்டியின் இயற்பெயர் கிளிபர்ட் பிரைஸ். 1965-இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வால்சால் என்னும் தொழில் நகரில் பிறந்தார். தந்தை ஜமைக்கா நாட்டவர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். மூன்று வயதிலேயே தாயைப் பிரிந்து, வளர்ப்புக் குடும்பங்களிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் மாறிமாறி வளர்ந்தவர். இளமையில் அவருக்கு வாய்த்த கலை இசையன்று, ஓவியம். ஊர்ச் சுவர்களில் வண்ணத் தெளிப்பானால் எழுதும் கிராபிட்டி ஓவியம். உல்வர்ஹாம்ப்டன் நகரின் ஹீத் டவுன் குடியிருப்புச் சுவர்கள் அவருடைய முதல் திரைச்சீலைகள். 1987-இல் டிக் பாண்டெய்ன் எடுத்த 'பாம்பின்' என்னும் ஆவணப்படத்தில் அந்த இளைஞரைக் காணலாம். பின்னர் அமெரிக்கா சென்று, மயாமி நகரில் பல்லுக்குத் தங்க உறை செய்யும் தொழிலில் சில காலம் இருந்தார். நாடு திரும்பியபோது அவர் வாயிலும் தங்கப் பற்கள் மின்னின.

அவரை இந்த இசையிடம் கொண்டு சேர்த்தவர்கள் இரு பெண்கள். கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற பெயர்களில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய டி.ஜே.க்கள். லண்டனில் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்கு அடியில் 'ஹெவன்' என்றொரு நடன அரங்கு உண்டு. அங்கே 'ரேஜ்' என்ற பெயரில் வாராவாரம் ஓர் இரவு நிகழ்ச்சி நடந்தது. பேபியோ, குரூவ்ரைடர் என்னும் இருவர் அதில் தட்டுகளை ஒலிக்கச் செய்தனர். அந்த அரங்குக்கு அவரை அழைத்துச் சென்றவர்கள் இந்த இரு தோழியரே. அங்கே கேட்டதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அங்கே அப்போது உருவாகிக்கொண்டிருந்த இசைக்கு 'ஜங்கிள்' என்று பெயர். பின்னாளில் 'டிரம் அண்ட் பேஸ்' என்றும் அழைக்கப்பட்டது. முரசும் அடித்தொனியும் என்று பொருள். பெயரே இலக்கணம். நம் இசை மரபில் 'காலம்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரே தாளத்தில் முதற்காலம், அதன் இருமடங்கு விரைவில் இரண்டாங்காலம் என்று பாடுவதை நாம் அறிவோம். ஜங்கிள் இசையில் இந்த இரண்டு காலங்களும் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. மேலே முரசு நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 அடி வேகத்தில் சிதறி ஓடும். கீழே பேஸ் என்னும் கனத்த அடித்தொனி அதன் பாதி வேகத்தில், ஜமைக்கா நாட்டு இசையின் நிதானத்தோடு நடக்கும். ஆடுபவர் தம் உடலுக்கு எந்தக் காலம் உகந்ததோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அடிமை வணிகத்தின் கொடுமையைக் கடந்து கரீபியத் தீவுகளில் வளர்ந்து, பின்னர் குடியேறியவர்களோடு இங்கிலாந்து வந்த ஓர் இசை மரபும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் முரசு மரபும், ஐரோப்பிய மின்னிசைக் கருவிகளும் லண்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் சந்தித்தபோது விளைந்தது இது.

இவ்விசையில் 'புரொட்யூசர்' என்னும் சொல் திரைப்படத் தயாரிப்பாளரைப் போல முதல் போடுபவரைக் குறிப்பதன்று. ஒலிகளைத் தேடி எடுத்து, வெட்டி, ஒட்டி, அடுக்கி ஒரு பாட்டாக ஆக்குபவரைக் குறிப்பது. அவருடைய முதன்மைக் கருவி சாம்ப்ளர். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை அதற்குள் ஏற்றிவிட்டால், அதை எத்தனை முறையும், எந்த வரிசையிலும், எந்தச் சுருதியிலும் ஒலிக்கச் செய்யலாம். அகாய் நிறுவனத்தின் சாம்ப்ளர்கள் அக்காலத்து லண்டன் படுக்கையறைகள் பலவற்றை ஒலிப்பதிவுக் கூடங்களாக மாற்றின.

சுழலும் தட்டின் வேகத்தைக் குறைத்தால் பாட்டின் சுருதியும் தாழும். வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். காலமும் சுருதியும் பிரிக்க இயலாத இரட்டைகளாக இருந்தன. கணினி வந்தபின் அந்த இரட்டைகளைப் பிரிக்க முடிந்தது. சுருதியை மாற்றாமல் காலத்தை நீட்டலாம். காலத்தை மாற்றாமல் சுருதியை உயர்த்தலாம். 1992-இல் கோல்டி வெளியிட்ட 'டெர்மினேட்டர்' என்னும் பாட்டு இந்த வித்தையைக் கொண்டு கேட்போரைத் திகைக்க வைத்தது. முரசின் ஒலி மேலே மேலே ஏறுகிறது. ஓட்டம் மட்டும் இம்மியும் மாறவில்லை. காலம் கடந்தது என்ற தலைப்பு மூன்றாண்டுகளுக்குப் பின் வந்ததென்றாலும், காலத்தைப் பிடித்து வளைக்கும் ஆசை அப்போதே அவரிடம் இருந்தது.

இந்த இசையின் வாழ்நாளோ மிகக் குறுகியது. புதிதாகச் செய்த பாட்டை அன்றிரவே கிளப்பில் ஒலிக்கச் செய்ய, மென்பூச்சுப் பூசிய தட்டு ஒன்றில் அதை வெட்டுவார்கள். டப்பிளேட் என்று அதற்குப் பெயர். சில டஜன் தடவை சுழன்றால் அதன் பள்ளங்கள் தேய்ந்துவிடும். இந்த வாரம் எல்லாரையும் ஆட்டுவித்த பாட்டு அடுத்த மாதம் பழையது. உரிமம் பெறாத வானொலிகள் அடுக்குமாடிகளின் உச்சியில் கம்பம் நட்டு இவற்றை ஒலிபரப்பின. அதிகாரிகள் கம்பத்தைப் பிடுங்கினால் வேறொரு மாடியில் மறுபடி நட்டார்கள்.

அரசின் பார்வையும் கனிவாக இல்லை. 1992-ஆம் ஆண்டு மே மாதத்தில் காசில்மார்ட்டன் என்னும் சிற்றூரின் பொதுவெளியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர் கூடிப் பல நாள் ஆடினார்கள். அதன் எதிரொலியாக 1994-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தை இயற்றியது. திறந்தவெளியில் இரவில் 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி உரத்த இசைக்கு ஆடுவதைக் கலைக்கும் அதிகாரத்தை அது காவல்துறைக்குத் தந்தது. அச்சட்டம் இசை என்னும் சொல்லை விளக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் அடிகளைத் தன்மையாகக் கொண்ட ஒலிகளையும் அதில் அடக்குவதாக எழுதியது. தாளத்தை ஒரு நாட்டின் சட்டநூல் இப்படிப் பெயர் சொல்லிச் சுட்டியதை வியப்போடு நோக்க வேண்டும்.

அதே 1994-ஆம் ஆண்டில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. கோல்டியும் கெமிஸ்ட்ரியும் ஸ்டார்மும் சேர்ந்து 'மெட்டல்ஹெட்ஸ்' என்னும் இசைத்தட்டு வெளியீட்டகத்தைத் தொடங்கினார்கள். 'இன்னர் சிட்டி லைப்' என்னும் பாட்டும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டின் இதயமாக அமைந்தது அதுவே.

இனித் தொகுப்புக்கு வருகிறேன். அதன் முதற்பாட்டு இருபத்தொரு நிமிடத்துக்கும் மேலாக நீள்வது. கிளப் இசையில் ஆறேழு நிமிடம் நீண்டாலே பெரிது. தட்டின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும், டி.ஜே. அதை இன்னொன்றோடு இணைக்க வசதியாகத் தொடக்கமும் முடிவும் வெறும் தாளமாக இருக்க வேண்டும் என்பவை அதன் மரபுகள். இந்தப் பாட்டு அந்த மரபுகளை மீறியது. மூன்று பகுதிகள்: 'இன்னர் சிட்டி லைப்', 'பிரஷர்', 'ஜா'. முதலில் மூடுபனி போன்ற நெடிய நாதங்கள் எழுகின்றன. பிறகு ஒரு பெண்ணின் குரல். அதன் பின்னரே முரசுகள் வருகின்றன. வந்தபின்னும் குரலை அவை விரட்டுவதில்லை. குரல் தன் போக்கில், நீண்ட மூச்சில், மெல்ல நகர்கிறது. அடியில் நூறு துண்டுகளாக வெட்டப்பட்ட முரசு விரைகிறது. முதற்காலமும் இரண்டாங்காலமும் ஒன்றாக நடக்கும் அந்த இலக்கணத்தை, மனித மனத்தின் நிலையாகவே இந்தப் பாட்டு மாற்றிவிட்டது. வெளியே நகரம் விரைகிறது. உள்ளே ஒருத்தி அமைதிக்கு ஏங்கி நிற்கிறாள்.

'இன்னர் சிட்டி' என்னும் தொடரை நகரின் நடுப்பகுதி என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அத்தொடரால் குறிப்பது நகரின் உள்ளே ஒதுக்கப்பட்ட வறியோர் குடியிருப்புகளை. வேலையின்மையும் போதையும் காவல்துறையின் கெடுபிடியும் நிறைந்த இடம். நகருக்குள் ஒரு புறநகர் என்று சொன்னால் ஓரளவு விளங்கும். அந்த இடத்தின் அழுத்தத்திலிருந்து அடைக்கலம் வேண்டும் குரல் அது. சொற்கள் மிகச் சில. சொல்லை விடக் குரலே பேசுகிறது.

தொகுப்பில் வேறு பாட்டுகளும் உண்டு. சில மென்மையானவை, ஜாஸ் இசையின் சாயல் கொண்டவை. சில கடுமையானவை, இருட்டில் இரும்பு உரசுவது போன்றவை. கிளப் இசைக் கலைஞர் பலரின் ஆல்பம் என்பது தனித்தனியே வந்த பாட்டுகளின் கோவையாகவே அப்போது இருந்தது. வீட்டில் அமர்ந்து முழுதும் கேட்கத்தக்க ஒரு முழுமை கொண்டதாக ஜங்கிள் இசையில் வந்த முதல் பெரும் முயற்சிகளில் ஒன்று இது. பிரிட்டனின் ஆல்பம் விற்பனை வரிசையில் ஏழாம் இடத்தை அடைந்தது. சுவரொட்டி கிழிவது போல வாரத்துக்கு வாரம் கிழிந்து மறைந்த ஓர் இசை, அலமாரியில் வைத்துப் போற்றும் நிலையை எய்தியது. அதே ஆண்டில் லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த புளூ நோட் கிளப்பில் மெட்டல்ஹெட்ஸ் குழுவினர் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அமர்வுகள் பெரும்புகழ் பெற்றன. 1997-இல் பிரிஸ்டல் நகரின் ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவினரும் 'நியூ பார்ம்ஸ்' என்னும் ஆல்பத்துக்காக மெர்குரி பரிசு பெற்றனர். அவ்வெற்றிக்கு வழி திறந்த முன்னோடிகளுள் 'டைம்லெஸ்' முதன்மையானது.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. கிளப்பின் முரட்டு உயிர்ப்பை விட்டு, வரவேற்பறைக்கு ஏற்ற நாகரிகத்தை இவ்விசை விரும்பத் தொடங்கியது இங்கேதான் என்று குறை கூறியவர்கள் உண்டு. அறிவார்ந்த டிரம் அண்ட் பேஸ் என்று ஒரு பிரிவைச் சிலர் அப்போது போற்றினார்கள். அப்படியானால் மற்றவை அறிவற்றவையா என்று ஆடுகளத்தில் இருந்தவர்கள் திருப்பிக் கேட்டது நியாயமே. 1998-இல் கோல்டி வெளியிட்ட இரண்டாம் ஆல்பமான 'சேட்டர்ன்ஸ் ரிட்டர்ன்', ஒரு மணி நேரம் நீளும் 'மதர்' என்னும் பாட்டோடு தொடங்கியது. அளவு பெருகியது, ஆனால் முதல் ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. நீளம் மட்டுமே காலத்தை வெல்வதில்லை என்பதற்கு அதுவே சான்று. எனினும் முதல் தொகுப்பின் மீது இக்குறையைச் சுமத்துவது பொருந்தாது என்பது என் கருத்து. ஏழைக் குடியிருப்பின் துயரை முரசொலியின் நடுவிலேயே நிறுத்தி, இருபத்தொரு நிமிடம் அதை விட்டு அகலாது நின்ற பாட்டு அது. அதை வரவேற்பறை அலங்காரம் என்று தள்ள என் செவி ஒப்பவில்லை.

அன்பர்களே! இதுகாறும் 'கோல்டியின் ஆல்பம்' என்றே சொல்லி வந்தேன். உறையிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்குரல் யாருடையது? மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த டயான் சார்லமேன் என்பவருடையது. 'பிப்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 'அர்பன் குக்கி கலெக்டிவ்' ஆகிய குழுக்களில் முன்னரே பாடிப் பெயர் பெற்றவர். 2015-இல் அவர் மறைந்தபோது, பாட்டை அறிந்து பாடியவரை அறியாத பலர் முதன்முறையாக அப்பெயரைக் கேட்டிருப்பார்கள். ஒலிகளைக் கருவிகளில் வடித்துக் கொடுத்தவர் யார்? ராப் பிளேபோர்டு. 'மூவிங் ஷேடோ' என்னும் வெளியீட்டகத்தை நடத்தியவர். இயந்திரங்களின் நுட்பம் கைவந்தவர். கோல்டி கருவி வாசிப்பவர் அல்லர். இசைக்குறியீடு படிக்கத் தெரிந்தவரும் அல்லர். மனத்தில் கேட்டதை வாயால் ஒலித்துக் காட்டியும், ஓவியக்காரராகக் கோடுகளில் வரைந்து காட்டியும் உடனிருப்போரைக் கொண்டு உருவாக்குபவர். 2009-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. பிராம்ஸ் விழாவுக்கென அவர் ஆக்கிய 'சினே டெம்போரே' என்னும் இசைப்படைப்பும் அவ்வாறே உருவாயிற்று. அந்த லத்தீன் தொடருக்குக் காலமின்றி என்று பொருள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே தலைப்பு அவரை விடவில்லை.

அப்படியானால் அவர் செய்தது என்ன? இதற்கு ஆங்கிலத்தில் எளிதான சொல் இல்லை. நம்மிடம் இருக்கிறது. தொகை நூல்களுக்கு நாம் இரண்டு பெயர்களைச் சொல்லுவோம்: தொகுத்தவர், தொகுப்பித்தவர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாடியவர்களின் பெயர்களோ பாட்டுதோறும் தனித்தனியே இருக்கின்றன. பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு என்று மூவருக்கும் உரிய இடத்தைப் பிரித்துக் கொடுத்த நுண்மை நம் முன்னோருடையது. கோல்டி இவ்விசையில் தொகுப்பித்தவர். அதோடு நில்லாமல், எதை எதற்குப் பின் வைப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எதை விடுவது என்று முழு வடிவத்தையும் மனத்தில் கண்டவர். அது சிறிய பணியன்று. குரலும் கருவியும் கைத்திறனும் லண்டனில் முன்பே இருந்தன. அவற்றை இருபத்தொரு நிமிடத்தில் நிறுத்திப் பார்க்கும் துணிவு அவரிடம்தான் இருந்தது.

நன்றி மறந்தவர் என்று அவரைச் சொல்லவும் முடியாது. தொகுப்பில் ஒரு பாட்டின் பெயரே 'கெமிஸ்ட்ரி'. 1999-இல் சாலை விபத்தொன்றில் அகால மரணம் அடைந்த அத்தோழியின் பெயர், அவர் வாழ்ந்த காலத்திலேயே அங்கே பொறிக்கப்பட்டுவிட்டது. தமக்கு வழிகாட்டிய போர் ஹீரோ குழுவின் டீகோவின் பெயரும் ஒரு பாட்டின் துணைத்தலைப்பில் இருக்கிறது. 'ரேஜ்' என்ற சொல்லைத் தாங்கிய பாட்டு அந்தப் பழைய இரவுகளை நினைவூட்டுகிறது. அருகில் இருந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை ஆல்பம் செய்தது.

தொலைவில் இருந்த ஒருவர் மட்டும் விடுபட்டுப் போனார். இது கோல்டி என்னும் ஒருவரின் குறையன்று. ஜங்கிள் இசை முழுவதன் கடன். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் குழு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் முன்பக்கப் பாட்டு கிராமி விருது பெற்றது. பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென் பிரதர்' என்னும் சிறு வாத்திய இசை. அதன் நடுவே மற்றக் கருவிகள் எல்லாம் ஓய்ந்து, முரசு மட்டும் ஏறத்தாழ ஏழு நொடி தனித்து ஒலிக்கிறது. சிறு தனியாவர்த்தனம் என்று கொள்ளுங்கள். அதை வாசித்தவர் கிரெகரி கோல்மன் என்னும் கறுப்பினக் கலைஞர்.

1986-இல் வெளிவந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்னும் முரசுத் துண்டுகளின் கோவையில் அது இடம்பெற்றது. பிறகு ஹிப்ஹாப் கலைஞர்கள் எடுத்தாண்டார்கள். லண்டன் இளைஞர்கள் அதை விரைவாக்கி, துண்டு துண்டாக வெட்டி, முன்பின்னாக அடுக்கினார்கள். 'டைம்லெஸ்' தொகுப்பில் எந்த இடத்தில் யாருடைய முரசு ஒலிக்கிறது என்று பட்டியலிடுவது என் நோக்கமன்று. ஜங்கிள் என்னும் இசை வகையே பெருமளவில் அந்த ஏழு நொடியின்மீது எழுந்த கட்டடம். அந்த ஏழு நொடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒலித்தது. கோல்மனுக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் வீடற்ற வறியவராக அவர் இறந்தார். குழுவின் தலைவரும் பாட்டின் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சர், தம் தட்டின் துண்டு கடல் கடந்து ஒலிப்பதை 1996-இல்தான் அறிந்தார். 2015-இல் இங்கிலாந்தின் டி.ஜே.க்கள் இருவர் பொதுமக்களிடம் திரட்டிய ஏறத்தாழ 24,000 பவுன் அவரிடம் சேர்ந்தது. செய்தவர்களின் நல்லெண்ணம் போற்றத்தக்கது. வாசித்த கை மண்ணோடு கலந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே குறுந்தொகைப் புலவர் ஒருவரை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். செம்புலப்பெயனீரார். இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் பாட்டில் அமைந்த தொடரையே அவருக்குப் பெயராக்கினார்கள். தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார் என்று இன்னும் சிலர் அவ்வாறே பெயர் பெற்றார்கள். பெயர் தொலைந்த ஒருவரையும் பெயரின்றி விடக்கூடாது என்ற அறவுணர்வு அதில் இருக்கிறது. கோல்மனுக்கும் ஒருவகையில் அதுவே நேர்ந்தது. அவர் வாசித்த துண்டை உலகம் 'ஆமென் பிரேக்' என்று பாட்டின் தொடரால் அழைக்கிறது. ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. அதுதான் நெஞ்சை உறுத்துவது. செம்புலப்பெயனீராரின் பெயரைக் காலம் அழித்தது. கோல்மன் உயிரோடு இருந்தார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பெயர் அது. எடுத்தவர்கள் கேட்கவில்லை. நம் மரபில் தொடர் பெயராயிற்று. அங்கே தொடர் பெயரை மறைத்துவிட்டது.

பிறர் ஒலியை எடுத்து ஆளுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை வகுத்த இலக்கணம் நம்முடையது. வழிநூல் செய்வதை அது தடுக்கவில்லை. முன்னோர் நூலை ஏற்றுத் தன் வேறுபாட்டையும் சேர்ப்பதே அதன் இயல்பு என்றது. ஏழு நொடியை வெட்டிப் புதியதோர் உலகம் செய்த இளைஞர்கள் சிறந்த வழிநூலார். ஆனால் வழிநூலுக்கு அழகு முதல்நூலை அறிவிப்பது. நூலின் சிறப்புப்பாயிரத்தில் எவ்வழி வந்த நூல் என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே இலக்கணத்தின் விதிதான். ஜங்கிள் இசைக்கு எல்லாம் இருந்தது; பாயிரம் இல்லை.

2010-களின் நடுவில் ஹெரிடேஜ் ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழு 'டைம்லெஸ்' தொகுப்பை மேடையில் வாசித்தது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய முரசை, உயிருள்ள மனிதர்கள் கையாலேயே வாசித்தார்கள். கோல்மனின் கையில் பிறந்து, இயந்திரத்தில் நுழைந்து, மீண்டும் மனிதக் கைக்கு அந்த மரபு திரும்பியது. 2016-இல் கோல்டிக்கு எம்.பி.இ. என்னும் அரச விருதும் கிடைத்தது. ஒரு காலத்தில் சட்டநூல் ஐயுற்ற அடிகளுக்கு அரண்மனை மரியாதை செய்தது. காலம் எத்தனை விசித்திரமானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முடிவாக ஒன்று சொல்ல விழைகிறேன். காலம் கடந்தது என்று ஒரு படைப்புக்குப் பெயர் வைப்பது எளிது. அப்பெயரைத் தாங்குவது அரிது. 'டைம்லெஸ்' அதைத் தாங்குகிறது என்று நான் நம்புகிறேன். அதற்குக் காரணம், அது ஒருவரின் தனிமையில் விளைந்ததன்று; வால்சால் காப்பகத்தில் வளர்ந்த ஒருவரின் கனவு, மான்செஸ்டர் பெண்ணின் குரல், ஓர் இயந்திர வல்லுநரின் பொறுமை, இரு தோழியரின் வழிகாட்டல், அட்லாண்டாத் தெருவில் மறைந்தவரின் கை ஆகிய அனைத்தும் அதனுள்ளோ அதன் அடித்தளத்திலோ இருக்கின்றன. அவர்களை எண்ணிக் கேட்கும்போது பாட்டு இன்னும் ஆழமாகிறது. ஒருவர் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கும்போது அது சிறுத்துவிடுகிறது.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்துக்கு இதிலிருந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி ஒரு பாட்டைப் பற்றி இங்கே பேசும்போது, யார் இயற்றினார் என்பதோடு யார் வாசித்தார் என்றும் கேட்போம். ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசும்போது மூல ஆசிரியரோடு பெயர்த்தவரையும் சொல்லுவோம். பழம்பதிப்பைப் பாராட்டும்போது ஏடு பார்த்து எழுதியவரையும், ஏட்டைக் காத்துவைத்த வீட்டாரையும் தேடுவோம். கேட்டால் கிடைக்கக்கூடிய பெயர்களைக் கேட்காமல் விடுவது மட்டும் நம்மிடம் நேர வேண்டாம்.